அடுப்படிக்குள் நுழையாத லேப்டாப்

செப்டம்பர் 8, திங்கள்

இன்றிலிருந்து மறுபடியும் டைரி. போன முறை ஜனவரி நான்காம் தேதியோடு நின்றுபோயிருக்கிறது. அன்றைக்கு "வண்டிக்கு டயர் மாற்ற வேண்டும்" என்று எழுதியிருக்கிறேன். இன்னும் மாற்றவில்லை.

எழுதக் காரணம் அமிர்தவல்லி சிஸ்டர். அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். கோபியிலேயே சின்னதாக ஒரு மனை வாங்கி, வீட்டுப் பிளான் போட என்னிடம் வந்திருந்தார். வரைந்து முடித்த தாளை என் வீட்டு ஆபீஸ் அறை மேஜையில் விரித்துக் காட்டினேன். கண்ணாடியை மாட்டினார், கழற்றினார், மறுபடி மாட்டினார்.

"எல்லாம் கோடு கோடா இருக்குதுங்களே. இதுல வூடு எங்கீங்க?"

இருபத்தாறு வருடமாகப் பிளான் போடுகிறேன், இப்படி யாரும் கேட்டதில்லை. எல்லோரும் இரண்டு நிமிடம் உற்றுப் பார்ப்பார்கள், "நல்லாருக்குதுங்க இன்ஜினியர்" என்பார்கள், கையெழுத்துப் போடுவார்கள். (நான் இன்ஜினியர் இல்லை, டிப்ளமோதான். யாரும் திருத்திக்கொள்வதில்லை, நானும் வற்புறுத்துவதில்லை.)

"அந்த ஹரிஷ் தம்பி கம்ப்யூட்டர்ல வூட்டுக்குள்ளயே நடந்து போற மாதிரி காட்டறாராமா. எனக்கும் நடந்து பாக்கோணுங்க. முக்கியமா அடுப்படி. முப்பத்திரண்டு வருசம் குவார்ட்டர்ஸ்லயும் வாடக வூட்லயும், யாருக்கோ கட்டுன அடுப்படிலயே வெந்துட்டேன். இது எனக்குன்னு கட்டறது. பாத்துட்டுத்தான் அஸ்திவாரம் தோண்டோணும்."

ஐப்பசியில் பூமி பூஜை. ஆயுத பூஜை முடிந்த வாரத்துக்குள் நான் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் வேலை எதிர்க் கட்டடத்து ஹரிஷுக்குப் போய்விடும். காட்டிவிடலாம் சிஸ்டர் என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

என் மனைவி வசந்தாமணி, எங்கள் அடுப்படி முக்காலியின் கால் ஆடுகிறது என்றாள். நாளை பார்க்க வேண்டும்.

செப்டம்பர் 10, புதன்

புது 3டி மென்பொருளை லேப்டாப்பில் ஏற்றினேன். மூன்று மணி நேரம் ஏறியது. ஏறி முடித்து, திறக்கப் போகிற நேரத்தில், உன் கிராபிக்ஸ் கார்டு பழசு, என்னால் ஓட முடியாது என்று சொல்லி மூடிக்கொண்டது. இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

செப்டம்பர் 11, வியாழன்

"ஏனுங்க, புதுசு ஒண்ணு வாங்கிப் போட்டாத்தான் என்ன?" என்கிறாள் வசந்தாமணி.

வாங்கலாம்தான். ஆனால் ஒரு சிக்கல். போன மாதம் எங்கள் வரைவாளர் சங்கத்து வாட்ஸாப் குழுவில் ஹரிஷ் ஒரு படம் போட்டான். பழைய லேப்டாப் ஒன்றுக்கு மாலை போட்டு, முன்னால் ஊதுபத்தி ஏற்றி வைத்த படம். பெயர் எதுவும் எழுதவில்லை. ஆனால் இடது மூலையில் உடைந்த கீலுக்குச் சிவப்பு டேப் ஒட்டியிருந்தது. இந்த ஊரில் அப்படி ஒட்டிய லேப்டாப் ஒன்றுதான் இருக்கிறது.

"இதே லேப்டாப்பில் புது மென்பொருளை ஓட்டி வீடியோ போடுகிறேன்" என்று பதில் எழுதிவிட்டேன். நாற்பத்து மூன்று பேர் சிரிப்புப் பொம்மை போட்டார்கள். அதில் தலைவரும் ஒருவர்.

ஆகவே வாங்குவதற்கில்லை. வசந்தாமணியிடம், பழைய இரும்புதான் உறுதி என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

செப்டம்பர் 15, திங்கள்

ஈரோட்டில் ரெஹானா என்று ஒரு பெண், பழைய லேப்டாப் பாகங்கள் விற்கிறார், பழுதும் பார்க்கிறார். லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். அது மூன்றரைக் கிலோ. இறங்கும்போது இரண்டு தொடையும் மரத்துவிட்டன.

"எல்லா லேப்டாப்லயும் கிராபிக்ஸ் கார்ட மாத்த முடியாதுங்ண்ணா. போர்டோட சேத்து ஈயத்துல பத்த வெச்சிருப்பாங்க. உங்களது பழைய யானை. தனியா கழட்டி மாட்டற மாதிரி குடுத்திருக்காங்க. இதுக்குப் பொருந்தற கார்டு ஒண்ண வரவழைச்சுத் தர்றேன். வுட்டுட்டுப் போங்க, மாட்டி வெக்கிறேன்."

யானை என்றது எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் விட்டுவிட்டுப் போக மனமில்லை. நானே மாட்டிக்கொள்கிறேன், கார்டை மட்டும் கூரியரில் அனுப்புங்கள் என்றேன். வீடு கட்டத் தெரிந்தவனுக்கு நாலு திருகாணி பெரிதா? (வீடு கட்டுவது கொத்தனார். நான் வரைவதோடு சரி. அதை ரெஹானாவிடம் சொல்லவில்லை.)

"செரிங்ண்ணா. அப்படியே ஃபேன் மூடியையும் தொறந்து சுத்தம் பண்ணிருங்க. அத மட்டும் மறந்துறாதீங்க."

செப்டம்பர் 22, திங்கள்

கார்டு வந்துவிட்டது. உள்ளங்கை அகலம். யோசித்துப் பார்த்தால் இவ்வளவுக்கும் காரணம் இவ்வளவுதான்.

ராகு காலம் கழிந்த பிறகு லேப்டாப்பைக் கவிழ்த்துத் திறந்தேன். திருகாணிகள் கலந்துவிடாமல் இருக்க அஞ்சறைப் பெட்டியை எடுத்துக்கொண்டேன். நீளமானவை மிளகுக் கிண்ணத்தில், குட்டையானவை கடுகுக் கிண்ணத்தில். வசந்தாமணி வீட்டில் இல்லாத நேரம் என்பதால் பிரச்சினை இல்லை. பழைய கார்டு வெளியே, புதுக் கார்டு உள்ளே. ரெஹானா போனில் சொல்லச் சொல்ல, சூடு கடத்தும் பசையையும் அரிசி அளவுக்கு வைத்தேன். ஒன்றே கால் மணி நேரத்தில் முடிந்தது.

"ஃபேன் தொறந்து பாத்தீங்களாண்ணா?"

"பாத்தாச்சு."

வெளியிலிருந்து பார்த்தேன். அதற்குத் தனி மூடி, ஏழு பொடித் திருகாணி, அதில் ஒன்று தலை தேய்ந்தது. நன்றாகச் சுற்றிக்கொண்டிருக்கிற ஒன்றை எதற்குக் கழற்ற வேண்டும்?

முடிவில் ஒரு திருகாணி குறைந்தது. எங்கு தேடியும் இல்லை.

செப்டம்பர் 23, செவ்வாய்

திருகாணி கிடைத்தது. சட்னிக்குத் தாளிக்கும்போது ஒரு கடுகு மட்டும் கடைசிவரை வெடிக்கவில்லையாம். வசந்தாமணி மாலைவரை பேசவில்லை. மாலையில் பேசியது முக்காலியைப் பற்றி.

செப்டம்பர் 27, சனி

ஓடுகிறது! ஓடுகிறது!

மென்பொருள் திறந்தது. சிஸ்டரின் வீட்டை உள்ளே ஏற்றினேன். வாசல் கேட், நாலு படி, போர்ட்டிகோ, ஹால். சுட்டெலியைத் தள்ளத் தள்ளச் சுவர்கள் ஒதுங்கி வழி விடுகின்றன. இருபத்தாறு வருடம் கோடாக மட்டும் பார்த்த நான், முதல் முறையாக என் பிளானுக்குள் நடந்தேன். எழுந்து நின்று கை தட்டினேன் என்பதை இங்கே மட்டும் பதிகிறேன்.

ஐந்து நிமிடத்தில் நானே அணைத்துவிட்டேன். புதுக் கார்டு, பழக வேண்டும்.

இன்னொன்று. ஓடும்போது அறை முழுக்க லேசாகச் சந்தன வாசம் வந்தது. ஊதுபத்தி எதுவும் ஏற்றவில்லை. ஆயுத பூஜை நெருங்குகிறதல்லவா, சரஸ்வதி வந்து பார்த்துவிட்டுப் போனாள் என்றே நினைக்கிறேன். வசந்தாமணி உள்ளிருந்து, "என்னங்க தீயற நாத்தம்?" என்றாள். ரசனை இல்லாதவள்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. வாழைக்கன்று, பொரி, சுண்டல். ஸ்கேல், டேப், கால்குலேட்டர், ஸ்கூட்டர் எல்லாவற்றுக்கும் பொட்டு. லேப்டாப்புக்கு எப்போதும் வைக்கிற இடத்தில்தான், இடது பக்கவாட்டில் சல்லடை மாதிரி இருக்கிற ஓட்டைகளில். மூடி வழுவழுப்பு. அங்கே வைத்தால் சந்தனம் காய்ந்து உதிர்ந்துவிடும். சல்லடையில் கொஞ்சம் அழுத்தி வைத்தால் மறு வருடம்வரை பிடித்து நிற்கும். இந்த வருடம் புதுக் கார்டு வந்திருப்பதால் அதற்கென்று கூடுதலாக இரண்டு உருண்டை. குங்குமமும் தாராளமாக.

ஐயர் இல்லாமலே பூஜை திருப்தியாக நடந்தது.

அக்டோபர் 3, வெள்ளி

வாசலிலிருந்து புறப்பட்டு, ஹாலைக் கடந்து, அடுப்படிக் கதவைத் தொட்டபோது திரை கறுத்துவிட்டது. லேப்டாப் மொத்தமாக அணைந்தது. மறுபடி ஏற்றினேன். மறுபடியும் அடுப்படி வாசல், மறுபடியும் இருட்டு.

அடுப்படி நிறையப் பளபளக்கும் எவர்சில்வர் பாத்திரங்களை அடுக்கி வைத்திருந்தேன். அதன் பாரமோ என்று எல்லாவற்றையும் எடுத்துவிட்டுப் பார்த்தேன். அப்போதும் கதவுவரைதான். பாத்திரங்களைத் திரும்ப அடுக்கிவிட்டேன். நேராக அடுப்படிக்குள்ளேயே ஆரம்பித்துப் பார்த்தேன். திறப்பதற்குள் போய்விட்டது.

அக்டோபர் 4, சனி

சிஸ்டர் வந்தார். தள்ளிப்போட முடியவில்லை. ஹாலில் நடந்தபோது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, சின்னப் பிள்ளை மாதிரி இருந்தது.

"அட, இது என்ற வூட்டு ஹாலுங்களா? இங்கதான் டிவி. இந்தப் பக்கம் சோபா. செரி, அடுப்படிக்குப் போங்க."

இருட்டு.

கரண்ட் பிரச்சினை என்றேன். மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. அவர் அதை ஒரு தரம் பார்த்துவிட்டு, என்னையும் ஒரு தரம் பார்த்தார்.

"செவ்வாக்கிழம வர்றேனுங்க. அன்னிக்கும் இல்லீன்னா என்ற மனைப் பத்திரத்தத் திருப்பிக் குடுத்துருங்க. தப்பா எடுத்துக்காதீங்க. நான் காத்திருந்தது இந்த ஒரு வூட்டுக்குத்தான்."

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் கோபப்பட்டிருப்பேன்.

அக்டோபர் 5, ஞாயிறு

ரெஹானாவுக்குப் போன் செய்து கத்தினேன். செத்த கார்டைத் தலையில் கட்டிவிட்டீர்கள், ஏமாளி என்று நினைத்தீர்களா என்றெல்லாம் பேசிவிட்டேன்.

"அண்ணா, கார்டு நல்ல கார்டு. சூடாகித்தான் அணையுது. ஃபேன சுத்தம் பண்ணீங்களா?"

"அதான் பாத்தாச்சுன்னு சொன்னனே!"

"பாத்தீங்களா, பண்ணீங்களா?"

போனை வைத்துவிட்டேன்.

பிளானில் அடுப்படி அக்னி மூலையில் இருக்கிறது. அக்னி மூலையில் போனால் சூடாவது நியாயம்தானோ என்றும் ஒரு எண்ணம் வந்தது. பிளானை மட்டும் திருப்பி அடுப்படியை வாயு மூலைக்கு மாற்றிப் பார்த்தேன். அங்கேயும் அணைந்தது. பழையபடியே திருப்பிவிட்டேன்.

அக்டோபர் 6, திங்கள்

ஏழு முறை. ஏழும் அடுப்படி வாசலில்.

அக்டோபர் 7, செவ்வாய்

விவரமாக எழுத வேண்டிய நாள்.

சிஸ்டர் பத்து மணிக்கு வந்துவிட்டார். பத்திரத்தை உறையில் போட்டுத் தயாராக வைத்திருந்தேன். கடைசியாக ஒரு தரம் காட்டுகிறேன் என்று ஆரம்பித்தேன், வழக்கமான இடத்தில் வழக்கம்போல் நின்றது. உறையை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. புறங்கையை லேப்டாப்பின் மேல் வைத்துப் பார்த்தார், காய்ச்சல்காரர் நெற்றியில் வைப்பதுபோல.

"கொதிக்குதுங்களே. இது மூச்சு வுடறது எந்தப் பக்கம்?"

இடது பக்கத்தைக் காட்டினேன். விரலைச் சல்லடைக்கு முன்னால் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் காத்திருந்தார்.

"மூச்சே இல்லீங்க." குனிந்து பார்த்தார். "என்னங்க இது மஞ்சளா, கெட்டியா?"

"சந்தனமுங்க. ஆயுத பூஜைக்கு வெச்சது."

"எத்தன வருசமா இங்கயே வெக்கறீங்க?"

"பதினொரு வருசமுங்க."

சிஸ்டர் நிமிர்ந்தார். "மூக்குல சந்தனத்த அப்பி அடைச்சுப் போட்டு, மூச்சு வுடலீன்னு அதையே திட்டிட்டு இருக்கறீங்களாக்கும்?"

சரஸ்வதி வந்துபோன வாசம் எதுவென்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. வசந்தாமணி அடுப்படி வாசலில் நின்று முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அது இருமல் இல்லை.

சிஸ்டர் கைப்பையைத் திறந்தார். ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது, இன்னும் பையில் பஞ்சும் ஸ்பிரிட்டும் இடுக்கியும் வைத்திருக்கிறார். நான் திருகாணிகளைக் கழற்றினேன். தலை தேய்ந்ததை ரப்பர் பேண்டை வைத்து அழுத்தித் திருகி எடுத்தவர் அவர்தான். வசந்தாமணி டார்ச் பிடித்தாள். உள்ளே இருந்து வந்தவை: மேலே இந்த வருடத்துச் சந்தனம், அதன் கீழே குங்குமம், அதன் கீழே போன வருடத்துச் சந்தனம், நடுவில் கம்பளித் துணியாகவே மாறியிருந்த தூசி, எந்த வருடத்ததோ ஒரு கதம்ப இதழ். கடைசியில் கட்டியாக ஒன்று வந்தது, சுண்டைக்காய் அளவு, ஒரு பக்கம் கருகியிருந்தது.

மூடியைப் போட்டு லேப்டாப்பை ஓடவிட்டோம். சல்லடையிலிருந்து சூடான காற்று புஸ்ஸென்று வந்து சிஸ்டரின் கையில் அடித்தது. "ம், இப்ப செரி" என்றார். எத்தனை பேருக்கு இப்படிச் சொல்லியிருப்பாரோ.

கேட், படி, போர்ட்டிகோ, ஹால், அடுப்படிக் கதவு. உள்ளே போய்விட்டோம்.

பாத்திரமெல்லாம் பளபளத்தது. நான் உற்சாகத்தில், மேடை, ஷெல்ஃப், ஜன்னல், சிங்க் என்று ஒவ்வொன்றாகக் காட்டினேன். சிஸ்டர், "நல்லாருக்குதுங்க இன்ஜினியர்" என்றார்.

அந்த வாக்கியத்தை இருபத்தாறு வருடமாகக் கேட்டு வருகிறேன். இன்றுதான் அதற்குள் ஒன்றுமே இல்லை என்று காதில் விழுந்தது.

அப்போது பின்னாலிருந்து வசந்தாமணி கேட்டாள். "ஏனுங்க, இது யாரு கண்ணுல இருந்து பாக்கறது?"

நடக்கிறவரின் கண் எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும் என்று மென்பொருள் ஆரம்பத்திலேயே கேட்டிருந்தது. ஐந்தரை அடி என்று போட்டிருந்தேன். அது என் கண் உயரம். வேறு என்ன போடுவது என்று நான் யோசிக்கக்கூட இல்லை.

"சிஸ்டர் மொத்தமே நாலே முக்கால் அடிதானுங்களே. அவங்க கண்ணுக்கு எறக்கிக் காட்டுங்க."

எண்ணை மாற்றினேன். அடுப்படி சட்டென்று எங்கள் தலைக்கு மேல் எழுந்து நின்றது. மேடை நெஞ்சுக்கு வந்தது. ஷெல்ஃபில் அடிப்பலகை மட்டும் தெரிந்தது, மேலே இருந்த ஒரு பாத்திரமும் தெரியவில்லை. நான் பெருமையாக வைத்த ஜன்னலில் ஒரு துண்டு வானம் இருந்தது. தெருவும் இல்லை, மரமும் இல்லை.

சிஸ்டர் கையைத் தூக்கித் திரையில் இருந்த ஷெல்ஃபைத் தொட்டுப் பார்த்தார்.

"இதே அடுப்படிதானுங்க," என்றார் மெதுவாக. "நான் முப்பத்திரண்டு வருசமா வெந்தது இதுலதான்."

"எனக்கு இங்க இருபத்திரண்டு வருசமுங்க," என்றாள் வசந்தாமணி. சண்டை போடுகிற குரலில் இல்லை. காபிக்குச் சர்க்கரை எவ்வளவு என்று சொல்கிற குரல்.

இந்த வீட்டுப் பிளானும் நான் போட்டதுதான். கிரகப்பிரவேசத்தன்று அடுப்படியைப் பார்த்து அவள் சொன்னதும் "நல்லாருக்குதுங்க"தான். திரும்பி அங்கே பார்த்தேன். மேடைக்குக் கீழே அந்த முக்காலி. ஒரு மாதமாக அதன் காலைச் சரி செய்யவில்லை என்று மட்டும்தான் எனக்கு உறுத்தல் இருந்தது. அது எதற்காக அங்கே இருக்கிறது, யார் ஏறி நிற்க என்று ஒரு நாளும் கேட்கவில்லை. வெட்கமாக இருந்தது. இப்போது எழுதும்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

டேப்பை எடுத்தேன். சிஸ்டரை நிற்கச் சொல்லி முழங்கை உயரத்தை அளந்து, அதற்கு நாலைந்து அங்குலம் கீழே வருகிற மாதிரி மேடையை இறக்கினேன். இரண்டடி ஏழு அங்குலம். ஷெல்ஃபையும் ஜன்னலையும் கீழே கொண்டுவந்தேன். சிஸ்டர் சுட்டெலியை என்னிடமிருந்து வாங்கித் தானே உள்ளே போனார். ஜன்னலுக்கு நேராக நின்றார்.

"கேட்டு தெரியுதுங்க! யாராச்சும் வந்தா இங்கிருந்தே பாத்துக்கலாம்."

பத்திர உறை மேஜையிலேயே இருந்துவிட்டது. போகும்போது அவர் அதைப் பார்த்ததுபோலவே காட்டிக்கொள்ளவில்லை.

அக்டோபர் 8, புதன்

ரெஹானாவுக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். சந்தன விஷயத்தையும் மறைக்கவில்லை. மறுமுனையில் சத்தமே இல்லை. போன் கட்டாகிவிட்டது என்று நினைத்தேன். தான் சிரித்து முடிக்கும்வரை போனைத் தள்ளிப் பிடித்திருக்கிறார்.

குழுவில் வீடியோ எங்கே என்று தலைவர் கேட்டிருந்தார். சந்தனக் கட்டியைப் படம் எடுத்துப் போட்டு, நடந்ததை எழுதினேன். சிரிப்புப் பொம்மைகளை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. அரை மணி கழித்து ஹரிஷ் தனியாகக் கூப்பிட்டான்.

"அண்ணா, அந்தத் தேய்ஞ்ச திருகாணிய எப்படிங்கண்ணா எடுத்தீங்க? நானும் சல்லடைலதான் வெச்சிருக்கேன்."

ரப்பர் பேண்ட் உத்தியைச் சொல்லிக் கொடுத்தேன்.

அக்டோபர் 9, வியாழன்

வசந்தாமணியின் முழங்கை உயரத்தை அளந்தேன். இந்தத் தெருவில் எல்லா மனையின் அளவும் எனக்கு மனப்பாடம். அவளுடையதை இன்றுதான் டேப் வைத்துப் பார்க்கிறேன். "போதுமுங்க, யாராச்சும் பாக்கப் போறாங்க" என்றாள். கொத்தனாரிடம் சொல்லிவிட்டேன்.

அக்டோபர் 24, வெள்ளி

சிஸ்டர் வீட்டுப் பூமி பூஜை நல்லபடியாக முடிந்தது. கடப்பாரைக்குச் சந்தனம் வைக்கும்போது சிஸ்டர் என்னைப் பார்த்து, "இதுக்கு மூக்கு இல்லீங்களே?" என்று கேட்டு உறுதி செய்துகொண்டார்.

புதிதாக வருகிறவர்களிடம் கேட்கும் தாளில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன். பெயர், மனை அளவு, வாசல் திசை, அதற்கடுத்து: சமைக்கிறவர் உயரம். இன்று வந்தவர் என்ன எழுதுவது என்று தெரியாமல் மனைவிக்குப் போன் போட்டார்.

நவம்பர் 2, ஞாயிறு

ஆறு நாள் இடிப்பு, தூசி, ஹோட்டல் சாப்பாடு எல்லாம் முடிந்து அடுப்படி கைக்கு வந்தது. மேடை இறங்கிவிட்டது, ஜன்னலும் இறங்கிவிட்டது. நான் காபி போடப் போனால் இடுப்பு பிடிக்கிறது. சொல்லவில்லை.

காலையில் ஆபீஸ் அறையில் இருந்தேன். தெருவில் கீரைக்காரம்மாவின் குரல் கேட்டது. வழக்கமாக இந்த நேரத்தில் அடுப்பை அணைத்துவிட்டு வசந்தாமணி வாசலுக்கு ஓடுவாள், அந்தம்மா பாதி நாள் போயிருப்பார். இன்று ஓடுகிற சத்தம் வரவில்லை. அடுப்படி ஜன்னலிலிருந்து, "ஏனுங்க்கா, நில்லுங்க, அரைக்கீரை இருக்குதுங்களா?" என்று கேட்டது. கீரைக்காரம்மா திரும்பிப் பார்த்து, "அட, இந்தூட்ல இங்க ஒரு சன்னல் இருந்துச்சா?" என்றார்.

மத்தியானம் உட்கார்ந்து முக்காலியின் காலைச் சரி செய்தேன். இனி அது வீட்டில் யாருக்கும் தேவையில்லை.